இரண்டு பேர், ஒரு முழு விமான நிலையம்: லூகாஸ்–வாலியம்ஸ் தொடரைப் பற்றி

கேள்வி: "'லிட்டில் பிரிட்டன்' முழுவதும் பார்த்து முடித்துவிட்டேன், ரொம்பப் பிடித்தது. அதே ஜோடி அடுத்து எடுத்த 'கம் ஃப்ளை வித் மீ' பார்க்கலாமா? முந்தையதைவிட நன்றாக இருக்கிறது என்கிறார்கள் சிலர். அதைத் தொடவே கூடாது என்கிறார்கள் வேறு சிலர். இந்த ஜோடியின் பழைய ரசிகர் என்ற முறையில் நீங்கள் என்ன சொல்வீர்கள்?"

பாருங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் ஆறு அத்தியாயங்களையும் ஒரே மனதோடு பார்த்து முடிக்க என்னால் அன்றும் முடியவில்லை, இன்றும் முடியவில்லை. பிரிட்டிஷ் நகைச்சுவை ஜோடியான மாட் லூகாஸும் டேவிட் வாலியம்ஸும் எழுதியதிலேயே மிகக் கூர்மையான சில காட்சிகள் இந்தத் தொடரில்தான் இருக்கின்றன. ஒரு ரசிகனாக என்னைத் தலைகுனிய வைத்த காட்சிகளும் இதில்தான் இருக்கின்றன. கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டிய கதை இது.

முதல் அத்தியாயம் 2010 டிசம்பர் 25 அன்று இரவு பிபிசி ஒன்றில் வந்தது. அப்போது நான் கிழக்கு லண்டனில், ஈஸ்ட்ஹாமில், நான்கு நண்பர்களோடு ஒரே வீட்டில் இருந்தேன். அந்த டிசம்பரை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 18ஆம் தேதி கொட்டிய பனியில் ஹீத்ரோ விமான நிலையம் முடங்கிப்போனது. அதன்பிறகும் பல நாள் விமானங்கள் சரிவர ஓடவில்லை. ஆயிரக்கணக்கானோர் முனையத்திலேயே தரையில் போர்வை விரித்துப் படுத்துக் கிடந்தார்கள். எங்கள் வீட்டு நண்பன் ஒருவனும் அதில் மாட்டிக்கொண்டான். ஊரில் அக்கா குழந்தைக்குக் காதுகுத்து. இரண்டு நாள் ஹீத்ரோவில் காத்திருந்துவிட்டு, பெட்டியை உருட்டிக்கொண்டு வீட்டுக்கே திரும்பி வந்தான்.

லண்டனில் கிறிஸ்துமஸ் அன்று ரயிலும் கிடையாது, பஸ்ஸும் கிடையாது. ஊரே வீட்டுக்குள் டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும். நாங்களும் கோழி வறுத்து, ரசம் வைத்து, அப்படித்தான் உட்கார்ந்தோம். விமான நிலையத்தைக் கிண்டல் செய்யும் தொடர் வருகிறது, அதுவும் லூகாஸ்–வாலியம்ஸ் ஜோடி என்றதும் காதுகுத்தைத் தவறவிட்டவன்தான் எல்லாருக்கும் முன்னால் இடம் பிடித்தான். அன்றிரவு நாட்டில் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் அதைப் பார்த்தார்கள் என்பது பிறகு தெரிந்தது.

எனக்கு இந்த ஜோடி எப்படிப் பிடித்துப்போனது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் என் வருத்தத்தின் அளவு உங்களுக்குப் புரியாது.

'லிட்டில் பிரிட்டன்' முதலில் பிபிசி ரேடியோ 4இல் ஒலித்த நகைச்சுவை நிகழ்ச்சி. 2003இல் பிபிசி த்ரீயில் தொலைக்காட்சிக்கு வந்தது. நான் 2007இல் படிக்கப் போனபோது தொடர் முடிந்துவிட்டிருந்தது, ஆனால் அதன் வசனங்கள் ஊர் முழுக்க உயிரோடு இருந்தன. போன இரண்டாவது வாரம் ஒரு வங்கியில் கணக்குத் தொடங்கப் போனேன். முகவரிச் சான்று கேட்டார்கள். மின்கட்டண ரசீது வேண்டுமாம். மின் இணைப்பை என் பெயருக்கு மாற்றப் போனால் வங்கிக் கணக்கு எண் கேட்டார்கள். மூன்று முறை நடந்தேன். மூன்றாவது முறை அந்த அலுவலர் திரையைப் பார்த்துக்கொண்டே உதட்டைப் பிதுக்கினார். அன்று மாலை வகுப்புத் தோழி ஒருத்தியிடம் புலம்பியபோது, அவள் ஒரு டிவிடியைக் கையில் கொடுத்து "இதைப் பார், உனக்கு நடந்தது இதில் இருக்கிறது" என்றாள்.

இருந்தது. கேரல் பியர் என்றொரு பாத்திரம், வாலியம்ஸ் நடித்தது. முதலில் வங்கியில் உட்கார்ந்திருப்பாள். அடுத்தடுத்த பருவங்களில் பயண முகவர் அலுவலகத்துக்கும் மருத்துவமனைக்கும் மாறிவிடுவாள். எதிரில் இருப்பவர் என்ன கேட்டாலும் விசைப்பலகையை மெதுவாகத் தட்டுவாள், திரையைப் பார்ப்பாள், "கம்ப்யூட்டர் முடியாதுங்குது" என்பாள். அப்புறம் எதிரில் இருப்பவர் முகத்துக்கு நேரே இருமுவாள். அவ்வளவுதான் காட்சி. நான் தனியறையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அந்த நாட்டுக்கு வந்த பிறகு நான் சிரித்த முதல் பெரிய சிரிப்பு அதுதான். என்னை அலைக்கழித்ததைப் பார்த்து அந்த நாட்டுக்காரர்களே சிரிக்கிறார்கள் என்று தெரிந்தபோது எனக்கு ஏற்பட்ட ஆறுதலைச் சொல்லி முடியாது.

நகைச்சுவை ஜோடி என்றால் நமக்கு உடனே கவுண்டமணி–செந்தில்தான். அவர்கள் எந்தப் படத்தில் வந்தாலும் அதே இரண்டு பேர். ஒருவர் அதட்டுவார், இன்னொருவர் அடிவாங்கிக்கொண்டே மடக்குவார். ஊர் மாறும், தொழில் மாறும், அந்த உறவு மாறாது. லூகாஸ்–வாலியம்ஸ் அதற்கு நேர் எதிர். இவர்களுக்கென்று நிலையான முகமே கிடையாது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்து "அதுதான் வேணும்" என்று அடம்பிடிக்கும் ஆண்டியும் அவனைக் கவனித்துக்கொள்ளும் லூவும் போலச் சில ஜோடிப் பாத்திரங்கள் உண்டு. ஆனால் பெரும்பாலும் இருவரும் தனித்தனியாகவே நாட்டு மக்கள் அத்தனை பேராகவும் மாறிக்கொண்டே இருப்பார்கள். கிழவி, சிறுமி, அமைச்சர், பள்ளி ஆசிரியர், வேல்ஸ் கிராமத்து இளைஞன் என எல்லாம் இவர்களேதான். லூகாஸுக்கு ஆறு வயதிலேயே தலைமுடி உதிர்ந்துவிட்டது. அதனால் எந்த டோப்பாவை வைத்தாலும் அது அவருக்கென்றே வளர்ந்த முடிபோல ஒட்டிக்கொள்ளும். வாலியம்ஸ் நெடிய ஆள். புடவைக் கடைப் பொம்மை மாதிரி எந்த உடையும் அவருக்குப் பொருந்தும். இவர்கள் இருவரும் கூடுவிட்டுக் கூடு பாய்வதைப் பார்ப்பதுதான் இந்த ஜோடி தரும் இன்பம். "அட, இதுவும் அவர்தானா!" என்கிற வியப்பு.

'கம் ஃப்ளை வித் மீ' அந்த வியப்பை ஒரே இடத்தில் குவித்துப் பார்த்த முயற்சி. 1990களின் இரண்டாம் பாதியில் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் விமான நிலையங்களைப் பற்றிய ஆவணத் தொடர்கள் பிரபலமாக இருந்தன. பிபிசி 1996இலிருந்து ஹீத்ரோவைப் படம் பிடித்து 'ஏர்போர்ட்' என்று காட்டியது. ஐடிவி 1998இலிருந்து 'ஏர்லைன்' என்று காட்டியது, பின்னாளில் ஈஸிஜெட் என்ற மலிவு விமான நிறுவனத்தை வைத்து. தாமதமான விமானம், கத்தும் பயணி, கண்ணீர் விடும் கவுன்டர் ஊழியர், எதையும் பதற்றமில்லாமல் விவரிக்கும் பின்னணிக் குரல் என்பதுதான் அவற்றின் வாய்பாடு. லூகாஸும் வாலியம்ஸும் அதே வடிவத்தை எடுத்துக்கொண்டார்கள். பின்னணிக் குரலுக்கு லிண்ட்சே டன்கன் என்ற மதிப்புமிக்க நாடக நடிகை. 'லிட்டில் பிரிட்டன்' அரங்கப் பார்வையாளர் சிரிப்போடு ஓடும். இதில் சிரிப்பொலி கிடையாது. ஒரு வசனம் விழுந்ததும் முனையத்தின் இரைச்சல் மட்டும் கேட்கும். எங்கே சிரிக்க வேண்டும் என்று யாரும் சொல்லித் தர மாட்டார்கள். இந்த மாற்றம் இவர்களுடைய எழுத்தை எவ்வளவு மேலே தூக்கியது என்பதை நீங்கள் முதல் பத்து நிமிடத்திலேயே உணர்வீர்கள்.

இயக்கியவர் பால் கிங். பின்னாளில் 'பேடிங்டன்' எடுத்தாரே, அவரேதான். பெருவிலிருந்து ஆவணம் எதுவுமில்லாமல் லண்டன் ரயில் நிலையத்தில் வந்து இறங்கும் ஒரு கரடிக்கு ஒரு குடும்பம் இடம் கொடுக்கும் கதை அது. அதில் டாக்சி ஓட்டுநராக லூகாஸும் வருவார். வந்தேறிகள்மீது அவ்வளவு பரிவான படத்தை எடுத்தவர்தான் அதற்கு நாலு வருடம் முன்னால் இந்த விமான நிலையத் தொடரையும் இயக்கினார் என்பது என் மனதில் அடிக்கடி வந்துபோகும்.

சரி, நல்லதை முதலில் சொல்கிறேன்.

பென்னி கார்ட்டர். 'கிரேட் பிரிட்டிஷ் ஏர்' என்ற கற்பனை நிறுவனத்தின் முதல் வகுப்புப் பணிப்பெண், வாலியம்ஸ். பயணி முதல் வகுப்புக்கு உரியவர்தானா என்பதைச் சீட்டை வைத்து முடிவு செய்ய மாட்டாள். உடையையும் உச்சரிப்பையும் வைத்துத்தான் முடிவு செய்வாள். பொருத்தமில்லாதவர் என்று பட்டுவிட்டால் புன்னகை மாறாமலே அவரைக் கூனிக் குறுக வைப்பாள். ஆங்கிலேய வர்க்க மனோபாவத்தைப் பற்றி எத்தனையோ கட்டுரைகள் படித்திருக்கிறேன். அந்தப் புன்னகை சொன்ன அளவுக்கு எதுவும் சொல்லவில்லை.

விமானி தம்பதி சைமனும் ஜாக்கியும் எனக்கு இன்னும் ஒரு படி மேல். கணவனுக்கு ஒரு பணிப்பெண்ணோடு தொடர்பு ஏற்பட்டது. அது தெரிந்த பிறகு மனைவி அவனோடு ஒரே விமானத்தில் துணை விமானியாகப் பறக்கிறாள், கண்ணை விட்டு அகலவிடாமல். இருவரும் காமிராவைப் பார்த்துப் பேசுகிறார்கள். "அதெல்லாம் முடிந்துபோன கதை, இப்போது நாங்கள் சந்தோஷமாக இருக்கிறோம்" என்பதுதான் பேச்சு. ஆனால் அவள் எந்தப் பேச்சைத் தொடங்கினாலும் அது சுற்றி வளைத்து அந்தப் பணிப்பெண்ணிடம் போய் முட்டும். அவனுக்கு எழுந்து போகவும் வழியில்லை. விமானி அறை அவ்வளவு சின்னது. வேஷத்தை மறந்து, அவர்களாக நடிப்பது யார் என்பதையும் மறந்து, ஒரு திருமணத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அப்புறம் இயன் ஃபுட். குடியேற்றத் துறையின் தலைமை அதிகாரி; இதுவும் வாலியம்ஸ்தான். கடவுச்சீட்டு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, வெளிநாட்டு முகம் எது வந்தாலும் சந்தேகத்தோடு பார்த்து, அறியாமையை அதிகாரமாக நினைத்துக் கேள்வி கேட்கும் ஆள்.

இவர் திரையில் வந்ததும் எங்கள் வீட்டில் கூரை பிய்த்துக்கொண்டது. ஏனென்றால் நாங்கள் ஐந்து பேரும் அந்த மேசை முன்னால் நின்றவர்கள். ஐரோப்பியக் கடவுச்சீட்டு இருந்தவர்கள் பக்கத்து வரிசையில் சரசரவென்று போய்க்கொண்டிருப்பார்கள். நாங்கள் லேண்டிங் கார்டை நிரப்பி, கல்லூரிக் கடிதம், வங்கி அறிக்கை, பெரிய உறையில் மார்பு எக்ஸ்ரே படம் எல்லாவற்றையும் அணைத்துக்கொண்டு ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் நகர்ந்து வருவோம். படிக்கத்தான் வந்திருக்கிறோம் என்பது நமக்கே சந்தேகமாகிவிடும், அப்படிக் கேட்பார்கள். நான் பார்த்த அதிகாரிகள் எல்லாரும் இயன் ஃபுட் அல்ல, நல்லவர்கள் அதிகம். ஆனால் எந்த மேசை கிடைக்கும் என்று தெரியாத அந்தப் பயம் எல்லாருக்கும் பொது. அந்த அறிவில்லாத மனிதரை நாட்டின் மிகப் பெரிய தொலைக்காட்சி, கிறிஸ்துமஸ் இரவில், எல்லார் முன்னாலும் நிற்க வைத்துச் சிரித்தபோது, கேரல் பியரைப் பார்த்த அன்று கிடைத்த அதே ஆறுதல். ஊருக்குப் போகமுடியாமல் போன நண்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான்.

அதே அத்தியாயங்களில்தான் தாஜ் வருகிறான்.

தாஜ் விமான நிலையத்தில் வேலை செய்யும் ஆசியப் பையன். லண்டன் தெருப் பேச்சு, பெரிய சினிமா இயக்குநர் ஆகிவிடுவோம் என்கிற கனவு. நடிப்பது மாட் லூகாஸ், முகத்திலும் கையிலும் பழுப்புப் பூச்சோடு. மோசஸ் என்ற கறுப்பினப் பயணிகள் தொடர்பு அலுவலராகவும், 'ஃப்ளைலோ' என்ற மலிவு விமான நிறுவனத்தின் முதலாளி ஓமர் பாபாவாகவும் வாலியம்ஸ் வருகிறார். காபிக் கடை நடத்தும் பிரஷஸ் என்ற கறுப்பினப் பெண்மணியாக லூகாஸ். மார்ட்டின் குளூன்ஸ் என்ற நடிகருக்காகக் காத்திருக்கும் இரண்டு ஜப்பானியப் பள்ளிச் சிறுமிகளாக இருவருமே.

அறை அமைதியாகிவிட்டது என்று சொன்னால் பொய். முதல் முறை நாங்கள் சிரித்தோம். தாஜ் மாதிரிப் பையன்கள் எங்கள் தெரு முழுக்க இருந்தார்கள். அந்தத் தோள் குலுக்கல், வாக்கியத்துக்கு வாக்கியம் 'இல்லையா' என்பதற்கு "இன்னிட்" போடுவது, பெரிய பேச்சு, அதற்குக் கீழே மறைந்திருக்கும் வெட்கம் என எல்லாவற்றையும் லூகாஸ் நன்றாகக் கவனித்திருந்தார். அந்தப் பையன்மீது அவருக்கு வெறுப்பு இல்லை, பிரியம்தான் இருந்தது என்று நான் இன்றும் நம்புகிறேன். ஆனால் சிரித்துக்கொண்டிருக்கும்போதே காமிரா முகத்துக்கு அருகில் போகும். காதோரம் பூச்சு கொஞ்சம் தடித்துத் தெரியும். அப்போது என் கையை நானே பார்த்தேன். அந்த நிறத்தைத்தான் ஒருவர் காலையில் ஒப்பனை அறையில் பூசிக்கொண்டு, சாயங்காலம் கழுவிவிட்டு வீட்டுக்குப் போகிறார்.

இந்த உறுத்தல் எனக்குப் புதியதல்ல. பழைய இந்திப் படங்களில் 'மதராசி' வந்தால் நெற்றியில் பட்டை, முகத்தில் கருமை, வாயில் "ஐயய்யோ" என்று வருவதைப் பார்த்து ஆத்திரப்பட்டவன் நான். அதே நான் நம் படங்களில் 'நம்பள்கி நிம்பள்கி' என்று சேட்டு பேசினால் சிரித்தவன். மலையாளி என்றால் டீக்கடை நாயர். சிவந்த நாயகிக்கு மை பூசிக் கிராமத்துப் பெண்ணாக்குவதும், கறுத்தவரைக் கேலி செய்யாமல் நகைச்சுவைப் பகுதியே இல்லை என்பதும் நம் ஊர் வழக்கம். அதனால் லண்டனில் உட்கார்ந்துகொண்டு, இவர்கள் மட்டும் தப்புச் செய்துவிட்டார்கள் என்று சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனால் வலித்தது என்று சொல்லும் உரிமை இருக்கிறது.

தாஜைவிட எனக்குப் பொறுக்க முடியாமல் போனது பிரஷஸ்தான். அதற்குச் சொந்தக் காரணம் உண்டு. அந்தப் பாத்திரத்தின் நகைச்சுவை ஒரே ஒரு சூத்திரம்: கடையைத் திறக்காமலிருக்க தினம் ஒரு சாக்கு. பால் இல்லை, காபித்தூள் இல்லை, அப்புறம் ஆண்டவருக்குத் துதி சொல்லிவிட்டுக் கடையைச் சாத்திவிட்டுக் கிளம்பிவிடுவார். படிக்கும்போது நான் இரண்டு வருடம் பகுதிநேரமாக ஒரு விமான நிலையக் காபிக் கடையில் நின்றேன். காலை நாலு மணிக்குக் கடை திறக்க வேண்டும். என்னோடு வேலை செய்தவர் ஜமைக்காவில் பிறந்த, அறுபதை நெருங்கிய அம்மா ஒருவர். அந்த நேரத்துக்கு ரயில் கிடையாது என்பதால் இரவு பஸ் இரண்டு மாறி வருவார். நான் இருந்த இரண்டு வருடத்தில் ஒரு நாள்கூட அவர் தாமதமாக வந்து பார்த்ததில்லை. நான் பால் நுரைக்கத் தெரியாமல் கையைச் சுட்டுக்கொண்டபோது குழாயைத் திறந்துவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அவர். அவரும் துதி சொல்வார்தான், கடை திறக்கும்போது. பிரஷஸைப் பார்த்தபோதெல்லாம் அந்த அம்மா இதைப் பார்த்திருப்பாரா என்ற நினைப்பு வரும். சிரிப்பு தொண்டைக்கு வருவதற்குள் நின்றுவிடும்.

பிரிட்டனில் இது வரலாறு தெரியாமல் நடந்த விஷயமும் அல்ல. பிபிசியே 'பிளாக் அண்ட் ஒயிட் மின்ஸ்ட்ரல் ஷோ' என்று, வெள்ளையர்கள் முகத்தில் கருமை பூசி ஆடிப்பாடும் நிகழ்ச்சியை 1958 முதல் 1978 வரை இருபது வருடம் ஒளிபரப்பியது. அதற்கு எதிர்ப்பும் அப்போதே எழுந்தது. அந்த அத்தியாயம் மூடி முப்பது வருடம் கழித்து அதே பூச்சு கிறிஸ்துமஸ் இரவுக்குத் திரும்பி வந்தது.

"அவர்கள் எல்லாரையும்தானே கிண்டல் செய்கிறார்கள்" என்று என் நண்பர்களில் சிலர் அன்றே வாதாடினார்கள். இந்த வாதத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை, பல வருடம் நானும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். 'அவர் லேடி ஏர்' என்ற ஐரிஷ் விமானத்தின் பணியாளர் ஃபெர்கல், பர்கர் கடையில் வேலை செய்துகொண்டு விமானி ஆகப்போகும் நாளை எண்ணும் ஸ்காட்லாந்துப் பையன் டாமி, எப்போதும் சபிக்கப்பட்ட சுற்றுலாவிலிருந்து திரும்பும் பீட்டர்–ஜூடித் தம்பதி என்று வெள்ளையர்கள் பலரும் இதில் மாட்டுகிறார்கள். ஆனால் பென்னியை எதற்காகக் கிண்டல் செய்கிறார்கள்? அவளுடைய மமதைக்காக. இயன் ஃபுட்டை? அவருடைய அறியாமைக்காக. மமதையும் அறியாமையும் விட்டுவிடக்கூடியவை. பிரஷஸின் காட்சியில் எழுத்து கொஞ்சம்தான் இருக்கிறது. மீதி வேலையைப் பூச்சும் டோப்பாவும் உச்சரிப்பும் பார்த்துக்கொள்கின்றன. நல்ல நகைச்சுவை எழுத்தாளர்களான இவர்கள் எந்தெந்தக் காட்சிகளில் சோம்பல்பட்டார்கள் என்று பட்டியல் போட்டால், நிறம் பூசிய காட்சிகள்தான் அதிகம் வரும். ரசிகனாக என் முதல் புகாரே இதுதான். கண்ணியம் பற்றிய புகார் அதற்கு அடுத்ததுதான்.

வேரில் இருக்கும் சிக்கல் இந்த ஜோடியின் விதி என்று நினைக்கிறேன். எல்லாப் பாத்திரமும் நாங்களே என்பதுதான் அவர்கள் பார்வையாளரோடு செய்துகொண்ட ஒப்பந்தம். 'லிட்டில் பிரிட்டன்' பெரும்பாலும் சின்ன ஊர்களிலும் வேல்ஸ் கிராமத்திலும் மாளிகைகளிலும் நடந்தது, அதனால் அந்த விதி அங்கே ஓரளவு தாக்குப்பிடித்தது. (அங்கும் கறுப்பினப் பெண்ணாக டெசிரே, தாய்லாந்திலிருந்து வந்த மணப்பெண்ணாக டிங் டாங் என்று வழுக்கிய இடங்கள் உண்டு.) அடுத்து அவர்கள் தேர்ந்தெடுத்த களம் விமான நிலையம். ஹீத்ரோவின் எந்த முனையத்திலும் போய் நில்லுங்கள்: பெட்டி ஏற்றுபவர் பஞ்சாபி, பாதுகாப்புச் சோதனையில் நம் யாழ்ப்பாணத்து அண்ணன், துப்புரவில் கானாவிலிருந்து வந்தவர், கவுன்டரில் போலந்துப் பெண். பிரிட்டனில் இரண்டு வெள்ளையர்கள் எல்லாருமாக நடிக்கவே முடியாத இடம் ஒன்று உண்டென்றால் அது இதுதான். அங்கே இரண்டு வழிதான் இருந்தன. ஒன்று, விதியைத் தளர்த்தி வேறு நடிகர்களுக்குப் பெரிய பாத்திரங்களைக் கொடுப்பது. இன்னொன்று, பூச்சு டப்பாவைத் திறப்பது. அவர்கள் இரண்டாவதைச் செய்தார்கள்.

முதல் வழி தெரியாத காலமும் அல்ல அது. 'குட்னஸ் கிரேஷியஸ் மீ' 1998இலேயே பிபிசி தொலைக்காட்சிக்கு வந்துவிட்டது. சஞ்சீவ் பாஸ்கர், மீரா சியால், குல்விந்தர் கிர், நீனா வாடியா ஆகிய நான்கு பிரிட்டிஷ் ஆசியர்கள், தங்கள் அப்பா அம்மாவையும் தங்களையும் வெள்ளையரையும் சேர்த்தே கலாய்த்தார்கள். இந்திய உணவகத்தில் குடித்துவிட்டு அட்டகாசம் செய்யும் வெள்ளையர்களைத் திருப்பிப்போட்டு, இந்தியர்கள் கூட்டமாக 'இங்கிலீஷ் சாப்பாடு' சாப்பிடப் போய், இருப்பதிலேயே காரமே இல்லாத பதார்த்தம் கேட்கும் காட்சி ஒன்று உண்டு, தேடிப் பாருங்கள். தாஜ் பாத்திரத்தை அப்படியொரு கையில் கொடுத்திருந்தால் எங்கே போயிருக்கும் என்று நினைத்துப் பார்ப்பேன். கேட்விக் விமான நிலையத்தை ஒட்டிய கிராலியில் 1978இல் பிறந்த ஒரு இலங்கைத் தமிழர், கணித ஆசிரியராக இருந்து நகைச்சுவைக்கு வந்து, பிரிட்டனின் திரை, தொலைக்காட்சி விருதான பாஃப்டாவை வாங்கினார். ரொமேஷ் ரங்கநாதன். விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே வளர்ந்த நம் பிள்ளை என்று எனக்கு ஒரு தனிப் பெருமை.

அதன்பிறகு நடந்தது உங்களுக்கு ஓரளவு தெரிந்திருக்கும். இரண்டாவது பருவம் வரவில்லை. வாலியம்ஸ் சிறுவர் நூல்களுக்கும் 'பிரிட்டன்ஸ் காட் டேலன்ட்' என்ற திறமைப் போட்டியின் நடுவர் நாற்காலிக்கும் போனார், லூகாஸ் 'டாக்டர் ஹூ' என்ற அறிவியல் புனைவுத் தொடர் பக்கம் போனார். 2017இல் லூகாஸ் ஒரு பேட்டியில், 'லிட்டில் பிரிட்டனை' இன்று எடுத்தால் கறுப்பினப் பாத்திரங்களில் நடிக்க மாட்டேன் என்ற பொருளில் பேசினார். யாரும் கழுத்தைப் பிடிக்காத நேரத்தில் அவராகச் சொன்னது அது. அதனால் எனக்கு அதன்மேல் மதிப்பு அதிகம். 2020 ஜூனில், அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவர் போலீஸ்காரரால் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து எழுந்த அலையில், நெட்ஃபிளிக்ஸ் இரண்டு தொடர்களையும் எடுத்துவிட்டது. பிபிசியும் தன் இணையத் தளமான ஐபிளேயரிலிருந்து 'லிட்டில் பிரிட்டனை' நீக்கியது. இருவரும் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார்கள். 2022இல் 'லிட்டில் பிரிட்டன்' சில வெட்டுகளோடு ஐபிளேயருக்குத் திரும்பியது.

நீக்கியது சரியா என்று கேட்டால், எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. பிரஷஸ் காட்சிகள் போனதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அதோடு சேர்ந்து இயன் ஃபுட்டும் போய்விட்டார். குடியேற்ற மேசைக்கு இந்தப் பக்கம் நின்ற எங்களுக்காக அந்த மேசையைப் பார்த்துச் சிரித்த காட்சியும் அதே பெட்டியில் அடைபட்டுவிட்டது. யார் மனம் புண்படக் கூடாது என்று நீக்கினார்களோ, அவர்களுக்குக் கிடைத்த ஒரு நல்ல சிரிப்பும் கூடவே போனதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. முன்னால் ஒரு குறிப்புப் போட்டு அப்படியே வைத்திருக்கலாம் என்பது என் எண்ணம். கறுப்பின ரசிகர் ஒருவர் வேறு மாதிரிச் சொன்னால் நான் அவரோடு வாதாட மாட்டேன்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். டிவிடி கிடைத்தால் வாங்குங்கள். எந்தத் தளத்தில் இருக்கிறது என்பது நாட்டுக்கு நாடு மாறும். 'லிட்டில் பிரிட்டன்' மாதிரி அடுத்தடுத்து வசனங்கள் வெடிக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். இது மெதுவாகப் பிடிக்கும். முதல் அத்தியாயத்தை வைத்து முடிவு செய்யவும் வேண்டாம். விமானி தம்பதி வரும் காட்சிகளை விடாமல் பாருங்கள். ஃப்ளைலோ கவுன்டரில் பதவி உயர்வுக்காகச் சிரித்துக்கொண்டே ஒருவரையொருவர் கவிழ்க்கப் பார்க்கும் மெலடி, கீலி என்ற இரண்டு பெண்களையும் கவனியுங்கள். நம் ஊர் அலுவலகங்களிலும் அவர்கள் இருக்கிறார்கள். குடும்பத்தோடு பார்க்கும் தொடர் அல்ல. தாஜும் பிரஷஸும் வரும்போது ஓட்டிவிடலாம்தான், ஆனால் நான் ஓட்ட மாட்டேன். அந்த ஜோடியின் திறமையும் சறுக்கலும் ஒரே ஒப்பனை மேசையில் நடந்தவை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் இவர்களைப் பார்த்ததாகும்.

அந்த ஜனவரியில் என் நண்பன் ஒருவழியாக ஊருக்குப் போய் வந்தான். காதுகுத்து முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. திரும்பும்போது ஹீத்ரோ வரிசையில் நின்றுகொண்டு எனக்குக் குறுஞ்செய்தி அனுப்பினான்: "முன்னால நாப்பது பேர். மேசையில யாருன்னு தெரியல."